மஅபர் முதல் தமிழ்நாடு வரை: ஒரு நிலம் சுமந்த பெயர்கள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் நமது வகுப்பில் நிகழ்ந்த ஒன்றைக் கூறி இக்கட்டுரையைத் தொடங்குவது பொருத்தமாயிருக்கும். கடற்கரை ஊர்களிலிருந்து வந்து ஓதும் ஷாஃபிஈ மாணவர்களுக்கு ‘ஃபத்ஹுல் முஈன்’ பாடம் நடந்துகொண்டிருந்தது. அந்நூலின் ஆசிரியர் அஹ்மது ஸைனுத்தீன் மக்தூம் அவர்களின் நிஸ்பா ‘அல்மலீபாரீ’ என்பதாகும். அவருடைய பாட்டனார், பொன்னானியில் வாழ்ந்து ஹிஜ்ரி 928இல் (கி.பி. 1522) மறைந்த மூத்த ஸைனுத்தீன் மக்தூம் அவர்களுக்கோ ‘அல்மஅபரீ’ என்ற நிஸ்பாவும் உண்டு. இதனை நாம் எடுத்துரைத்தபோது, நம் சொந்த ஊராகிய தேவாரத்திலிருந்து வந்திருந்த ஹனஃபி மாணவர் ஒருவர் பின்வரிசையிலிருந்து எழுந்தார். “ஹழ்ரத், மலீபார் என்றால் மலையாள நாடு என்று தெரிகிறது. மஅபர் எங்கே இருக்கிறது? யமனிலா?” என்று கேட்டார்.

“நீ நின்றுகொண்டிருக்கும் இடத்தில்தான்” என்றோம். வகுப்பு சிரித்தது. நாம் வேடிக்கை பேசுவதாக மாணவர்கள் எண்ணிவிட்டனர்.

அம்மாணவரின் ஊகத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது. யமன் தேசத்தில் மஅபர் என்றோர் ஊர் உண்டு. மக்தூம் குடும்பத்தின் தொன்மையான வேர் யமனில் இருந்ததாகக் கூறுவோரும் உண்டு. எனினும், அக்குடும்பத்தினர் நமது கிழக்குக் கடற்கரையிலிருந்து கொச்சிக்குக் குடிபெயர்ந்து, பின்னர் பொன்னானியை அடைந்தனர் என்பதே பரவலாக அறியப்பட்ட செய்தியாகும். அக்கடற்கரைக்கும் அதனை அடுத்த உள்நாட்டுக்கும் அரபியரும் பாரசீகரும் வழங்கிய பெயரே மஅபர். மதுரை அதன் தலைநகராகவும் இருந்தது. மார்க்கக் கல்வி பயிலும் தமிழ் மாணவர் ஒருவருக்குத் தம் நாட்டின் பழைய பெயர் அயல்நாட்டுப் பெயராக ஒலித்ததே நம்மைச் சிந்திக்கச் செய்தது. ஒரு நிலம் எத்தனை பெயர்களைச் சுமக்கிறது? அவற்றை யார் இட்டனர்? எப்பெயர் நிலைத்தது, எப்பெயர் மறைந்தது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலம் தனக்குத் தானே இட்ட பெயர்

தமிழ் வழங்கும் நிலத்திற்கு அதன் மக்களே இட்ட பெயர் தமிழகம். வட எல்லை வேங்கடம், தென் எல்லை குமரி என்று தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம் வரையறுக்கிறது. இங்கு நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. இவ்வெல்லை அரசர்களின் எல்லையன்று, மொழியின் எல்லையாகும். அந்நிலத்தினுள் சேரர், சோழர், பாண்டியர் என மூவேந்தரும் பல குறுநில மன்னரும் ஆண்டனர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் அசோகர் கல்வெட்டு சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என ஆள்வோரின் பெயர்களாலேயே இந்நிலத்தைச் சுட்டுகிறது. வெளியிலிருந்து பார்த்தவருக்கு ஆட்சிகள் தெரிந்தன. உள்ளிருந்தவருக்கு மொழி தெரிந்தது.

கிரேக்க மாலுமிகள் மொழியால் அமைந்த பெயரையே கேட்டு எழுதிக்கொண்டனர். கி.பி. முதல் நூற்றாண்டின் ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடற்பயண நூலின் ஏடுகளில் ‘லிமிரிகே’ என்று காணப்படும் சொல்லை ‘தமிரிகே’ என்பதன் பிழையான எழுத்து என அறிஞர் பலர் கொள்கின்றனர். படியெடுத்தவர் ஓர் எழுத்தை மாற்றியதால் ஒரு நாட்டின் பெயர் நெடுங்காலம் அடையாளம் தெரியாமற் கிடந்தது.

அண்டைத் தீவிற்குத் தமிழர் வழங்கிய பெயர் ஈழம். மதுரைக்கு அருகிலுள்ள திருப்பரங்குன்றத்துக் குகையில், ஈழத்தைச் சேர்ந்த இல்லறத்தார் ஒருவரின் கொடையைக் குறிக்கும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உள்ளது. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய பண்டங்களுள் ஈழத்து உணவையும் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. அசோகர் காலத்துத் தம்பபண்ணி என்ற பெயர் கிரேக்கர் வாயில் தப்ரபேன் ஆயிற்று. சிங்களத் தீவு எனப் பொருள்படும் சிம்ஹளத்வீபம் என்ற வடசொல் அரபியர் நாவில் ஸரந்தீப் ஆயிற்று. ‘தீப்’ என்ற அதன் ஈற்றுப் பகுதி தீவு என்பதேயன்றி வேறில்லை.

பெயர் மாற்றுவதை ஐரோப்பியரே தொடங்கிவைத்தனர் என்று எண்ணுவது பிழையாகும். முதலாம் இராசராச சோழன் ஈழத்தில் வென்ற பகுதிக்கு ‘மும்முடிச் சோழ மண்டலம்’ என்று பெயரிட்டான். பொலன்னறுவை ‘சனநாத மங்கலம்’ ஆயிற்று. பாண்டி நாடு ‘இராசராசப் பாண்டி மண்டலம்’ என்றும், தொண்டை மண்டலம் ‘சயங்கொண்ட சோழ மண்டலம்’ என்றும் சோழர் கல்வெட்டுகளில் அழைக்கப்பெற்றன. வென்றவன் தன் விருதுப் பெயரைத் தோற்றவனின் நிலத்தில் எழுதுவது பழைய வழக்கமே. ஆயினும் சோழப் பேரரசு மறைந்ததும் அவ்விருதுப் பெயர்களும் மறைந்தன. கல்லில் அவை எஞ்சின. மக்கள் நாவில் ஏறவில்லை. இவ்வேறுபாட்டை நாம் நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

வணிகர் இட்ட பெயர்

மஅபர் என்ற சொல்லை ஸர்ஃபு படித்த எந்த மாணவரும் பகுத்துவிட இயலும். ‘அபர’ என்றால் கடந்தான் என்று பொருள். ‘மஃப்அல்’ என்ற வாய்பாட்டில் அமைந்த இடப்பெயர் மஅபர், அதாவது கடக்குமிடம். ஸரந்தீபுக்குக் கடந்து செல்லும் கரை என்பதால் இப்பெயர் வந்ததென்று பொதுவாகக் கருதப்படுகிறது. இது ஆள்வோரைக் குறித்த பெயரன்று, மக்களின் இனத்தைக் குறித்த பெயருமன்று. மரக்கலத்தில் வருபவருக்கு அந்நிலம் என்ன பயன் தந்ததோ அதனைக் குறித்த பெயராகும்.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், கூலம் எனப்படும் கொல்லத்திலிருந்து நிலாவர் எனப்படும் நெல்லூர் வரை நீண்ட கரையே மஅபர் என்று எழுதினார். அங்கு நடந்த குதிரை வணிகத்தையும் அவர் விரிவாகக் கூறுகிறார். கீஷ் தீவின் தலைவரான மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மஅபருக்கு அனுப்ப உடன்பட்டிருந்தார். குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தினார். அவருடைய சகோதரர் தகிய்யுத்தீன் பாண்டிய மன்னனிடம் அமைச்சராக இருந்து, காயல் உள்ளிட்ட துறைமுகங்களின் பொறுப்பை வகித்தார். 1290களில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகர மார்க்கோபோலோவும் ‘மாஅபர்’ என்றே எழுதினார். சீனத்து யுவான் அரசகுலத்தின் வரலாற்றிலும் இப்பெயரே சீன ஒலிக்கேற்பத் திரிந்து காணப்படுகிறது. தமிழகத்தின் உலகப் பெயராக ஒரு காலத்தில் விளங்கியது இந்த அரபுச் சொல்லேயாகும்.

குதிரையோடு வந்த சொற்களுள் ஒன்று இன்றும் நமது கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்கிறது. இராவுத்தர் என்ற சொல் குதிரை வீரனைக் குறித்ததாகும். முருகக் கடவுளையே அருணகிரிநாதர் அச்சொல்லால் விளித்துள்ளார். உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் நமது மக்கள் இச்சொல்லைத் தம் பெயருக்குப் பின்னே இட்டுக்கொள்கின்றனர். மஅபர் என்ற பெயரை மறந்துவிட்ட நாம், மஅபரின் வணிகத்தையும் படையையும் நினைவூட்டும் பெயரை மறவாமலிருக்கிறோம்.

மலபார் என்ற பெயரும் இவ்வாறு பிறந்ததே. அதன் முற்பகுதி ‘மலை’ என்ற நமது சொல். பிற்பகுதி, கரை அல்லது நாடு எனப் பொருள்படும் ‘பார்’ என்ற பாரசீகச் சொல். நிலம் எனப் பொருள்படும் ‘பர்ரு’ என்ற அரபுச் சொல் என்பாரும் உளர். ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ஸன்ஸிபாரின் ஈற்றிலும் இதே ‘பார்’ உள்ளது. தேவாரத்தில் நின்று மேற்கே நோக்கினால் சுவர்போல் எழுந்து நிற்கும் மலைத்தொடரே அப்பெயரின் முற்பாதி. அதே மலையில் விளையும் ஏலத்தை அரபியர் ‘ஹால்’, ‘ஹைல்’ என்கின்றனர். ‘ஏலா’ என்ற இந்நாட்டுச் சொல்லின் திரிபே அதுவுமாகும். நமது புளிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘தம்ர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை. பண்டம் கப்பலேறியபோது பெயரும் உடன் ஏறியது.

பெயரிட்டவர்கள் அவர்கள் மட்டுமல்லர். நாமும் அவர்களுக்குப் பெயரிட்டோம். அரபியரைத் தமிழர் சோனகர் என்றனர். யவனர் என்ற சொல்லின் திரிபு அது. யவனரோ கிரேக்கர். ஆகவே, கிரேக்கருக்குரிய பெயரை அரபியருக்குச் சூட்டியது தமிழ். அப்பெயரைக் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் நமது மக்களே தமக்குரியதாக ஏற்றுக்கொண்டனர். இதில் எவரும் இழிவு காணவில்லை.

பெயருடன் படை வந்தபோது

மஅபர் என்ற பெயரின் வரலாறு வணிகத்தோடு முடிந்திருப்பின் இனிமையாகவே இருந்திருக்கும். ஆனால் வரலாறு நம் விருப்பத்திற்கேற்ப நடப்பதில்லை. 1311இல் மலிக் காஃபூரின் தலைமையில் தில்லிப் படை மதுரை வரை வந்தது. அப்படையெடுப்பைப் பாடிய அமீர் குஸ்ரூவின் நூலிலும் இந்நாட்டின் பெயர் மஅபர்தான். 1330களின் நடுவில், தில்லி சுல்தானின் ஆளுநராயிருந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா மதுரையில் தனியரசை நிறுவினார். துறைமுகத்தின் பெயர் அரசின் பெயராயிற்று.

ஹிஜ்ரி 745 (கி.பி. 1344) அளவில் இலங்கையிலிருந்து இக்கரையை அடைந்த இப்னு பதூதா, அப்போதைய சுல்தான் கியாஸுத்தீன் தாம்கானியின் விருந்தினரானார். சுல்தானின் மனைவியும் இப்னு பதூதாவின் மனைவியருள் ஒருவரும் அஹ்ஸன் ஷாவின் புதல்வியர். உறவினராக இருந்தும் இப்னு பதூதா உண்மையை மறைக்கவில்லை. சிறைப்பட்டவர்களையும் அவர்தம் பெண்டிர், குழந்தைகளையும் அந்தச் சுல்தான் கொன்ற கொடுமையைத் தம் பயண நூலில் பதிவு செய்து, அச்செயலை வன்மையாகக் கண்டித்தார். 1370களில் விசயநகரத்துக் குமார கம்பணரின் படையெடுப்புக்குப் பின் அவ்வரசு மறைந்தது. அதனோடு மஅபர் என்ற பெயரும் இந்நாட்டு வழக்கிலிருந்து மெல்ல மறைந்தது.

இதனை நாம் மறைக்காமற் கூறுவதற்குக் காரணம் உண்டு. நமது சமுதாயத்தின் தொன்மையை நிறுவ விழைவோர் சிலர் மதுரை சுல்தான்களின் நாற்பது ஆண்டுகளை முதன்மைச் சான்றாகக் காட்டுவர். நம்மை அயலார் என்று கூற விழைவோரும் அதே நாற்பது ஆண்டுகளையே காட்டுவர். இரு சாராரும், அதற்கு முன் பல நூற்றாண்டுகள் கடற்கரையில் வாழ்ந்து, பாண்டியரின் அவையில் பணியாற்றி, இந்நாட்டுப் பெண்களை மணந்து, தமிழ் பேசிய மக்களை மறந்துவிடுகின்றனர். மஅபர் என்ற பெயரை முதலில் வழங்கியவர்கள் அவ்வணிகர்களே. சுல்தான்கள் அதனை எடுத்துக்கொண்டனர்.

அச்சில் ஏறிய பெயர்கள்

போர்ச்சுக்கீசியர் வந்தபின் பெயர்களின் வரலாறு வேறொரு தன்மையைப் பெற்றது. சோழமண்டலம் அவர்கள் வாயில் ‘சோரமண்டல்’ ஆகி, ஐரோப்பிய வரைபடங்களில் ‘கோரமண்டல்’ என்று நிலைத்தது. மேற்குக் கரையில் முதலில் இறங்கிய அவர்கள் மலபார் என்ற பெயரைக் கற்றுக்கொண்டு, அதனைத் தமிழருக்கும் தமிழுக்கும் சேர்த்தே வழங்கினர். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் மொழியை ‘மலபார் தமிழ்’ என்றே குறித்தது. தரங்கம்பாடியில் பணியாற்றிய சீகன்பால்கு பாதிரியார் காலத்திலும் ஐரோப்பியருக்குத் தமிழர் ‘மலபாரிகளே’. ஆங்கிலேயர் ஆண்ட இலங்கையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் தமிழரை அரசு ஆவணங்கள் இவ்வாறு அழைத்தன.

முஸ்லிம்களுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘மூர்’. வட ஆப்பிரிக்காவின் பழைய மௌரித்தானியா மக்களுக்குரிய பெயர் அது. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் தாம் போரிட்ட முஸ்லிம்களை அவர்கள் அவ்வாறு அழைத்தனர். காயலிலும் கொழும்பிலும் தமிழ் பேசி வாழ்ந்த மீகாமனையும் மீனவனையும் முத்துக்குளிப்பவனையும் கண்டபோதும் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தவன் அந்தப் பழைய பகைவனே. சோனகர் என்ற பெயரும் மூர் என்ற பெயரும் இரண்டும் பிறர் இட்டவையே. ஆயினும் ஒன்று அண்டை வீட்டார் அழைத்த பெயர். மற்றொன்று தொலைவிலுள்ள ஒரு பகையை இங்கே கொணர்ந்து ஒட்டிய பெயர். இலங்கையின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆங்கிலத்தில் அப்பெயரே நிலைத்துவிட்டது.

நாடுகளின் பெயரும் இவ்வாறு இடம் பெயர்ந்தது. கர்நாடகம் என்பது மலைக்கு மேலுள்ள கன்னட நாட்டின் பெயர். விசயநகர ஆட்சி தெற்கே பரவியபோது அப்பெயரும் கீழிறங்கியது. முகலாயர் காலத்தில், மலைத்தொடருக்குக் கீழுள்ள சமவெளி ‘கர்நாடகப் பாயின்காட்’ எனப்பட்டது. ஆற்காட்டு நவாபு ‘கர்நாடக நவாபு’ ஆனார். 1801இல் அந்நாட்டைக் கம்பெனி தன் ஆட்சியில் சேர்த்துக்கொண்டது. பின்னர், 1639இல் பெற்ற ஒரு கடற்கரைத் துண்டில் தான் கட்டிய கோட்டையையொட்டி வளர்ந்த மதராஸ் நகரின் பெயரையே மாகாணம் முழுவதற்கும் வழங்கியது. தெலுங்கரும் கன்னடரும் மலையாளிகளும் தமிழரும் ஒரு நகரத்தின் பெயரால் அழைக்கப்பெற்றனர்.

மதராஸ் என்ற பெயர் மத்ரஸா என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததென்று நம்மவர் சிலர் பெருமையோடு கூறக் கேட்டிருக்கிறோம். அரபு ஆசிரியர் என்ற முறையில் நமக்கும் அது உவப்பான செய்தியே. ஆனால் ஒலி ஒற்றுமை ஒன்றே சான்றாகாது. ஆங்கிலேயர் வருமுன் அவ்விடத்தில் புகழ்பெற்ற மத்ரஸா ஒன்று இருந்ததற்குக் கல்வெட்டோ ஆவணமோ காட்டப்பெறவில்லை. அப்பெயருக்கு வேறு பல விளக்கங்களும் கூறப்படுகின்றன. உவப்பானது என்பதற்காக ஒரு கருத்தை ஏற்பது, வெறுப்பானது என்பதற்காக ஒன்றை மறுப்பது போன்றதே.

சோழர் இட்ட பெயர்கள் மறைய, ஐரோப்பியர் இட்டவை மட்டும் ஏன் நிலைத்தன? சோழருக்குக் கல்வெட்டு இருந்தது. இவர்களுக்கு வரைபடம், அச்சகம், அஞ்சல் முத்திரை, நீதிமன்றப் பதிவேடு, இரயில் நிலையப் பலகை, மக்கள்தொகைக் கணக்கு ஆகிய அனைத்தும் இருந்தன. கடிதம் சேர வேண்டுமாயின் அவர்கள் எழுதியவாறே ஊர்ப்பெயரை எழுத வேண்டியிருந்தது. திருநெல்வேலி ‘டின்னவெல்லி’ ஆகவும், தூத்துக்குடி ‘டூட்டிகொரின்’ ஆகவும், மதுரை ‘மதுரா’ ஆகவும் ஆயின. நாமே நம் ஊரை அயலார் நாவால் உச்சரிக்கும் நிலை வந்தது. காலனி ஆட்சியின் பெயர்கள் பழைய வெற்றிப் பெயர்களினின்று வேறுபடுவது இவ்விடத்திலேயாகும்.

மீட்டெடுத்த பெயர்கள்

இருபதாம் நூற்றாண்டில் உலகெங்கும் நாடுகள் தம் பெயர்களைத் திரும்பத் தேடின. மேற்காப்பிரிக்காவில் ‘தங்கக் கரை’ என்று, எடுத்துச் சென்ற பொருளின் பெயராலேயே ஆங்கிலேயர் அழைத்த நாடு 1957 மார்ச் 6இல் கானாவாக விடுதலை பெற்றது. பண்டைய கானா அரசு அதே இடத்தில் இருக்கவில்லை. வடக்கே, இன்றைய மௌரித்தானியா, மாலி நாடுகளின் பகுதியில் இருந்தது. அவ்வரசின் சிறப்பை ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் அந்தலூஸிய அறிஞர் அல்பக்ரீ விரிவாக எழுதி வைத்தார். ஆப்பிரிக்கர் தம் பழம்பெருமையை நினைவுகூர அரபு நூலொன்று துணை நின்றதை நாம் நிறைவோடு குறிப்பிடலாம். செசில் ரோட்ஸ் என்ற தனிமனிதரின் பெயரைச் சுமந்த ரொடீசியா 1980இல் சிம்பாப்வே ஆயிற்று. ஸ்பெயின் மன்னர் பிலிப்பின் பெயரைத் தாங்கும் பிலிப்பைன்ஸோ அப்பெயரை இன்றும் மாற்றவில்லை.

இந்தோனேசியாவின் கதை இன்னும் ஆழ்ந்த சிந்தனைக்குரியது. அத்தீவுகளைத் தமிழர் சாவகம் என்றும், அரபியர் அங்கிருந்து வந்தவர் அனைவரையும் ‘ஜாவீ’ என்றும் அழைத்தனர். இந்தோனேசியா என்பது 1850இல் ஆங்கில அறிஞர்கள் கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஆக்கிய பெயர். ஆயினும் 1928இல் அந்நாட்டு இளைஞர்கள் ஒரே தாயகம், ஒரே மொழி என்று உறுதி பூண்டபோது அப்பெயரையே ஏற்றனர். ஒரு பெயரை யார் படைத்தார் என்பதைவிட, அதனைச் சுமப்பவர்கள் மனமுவந்து ஏற்றார்களா என்பதே முதன்மையானது என்பதற்கு இது சான்றாகும்.

இலங்கையின் பெயர் மாற்றத்தில் கசப்பும் உண்டு. போர்ச்சுக்கீசியரின் ‘செய்லாவோ’ டச்சுக்காரரிடம் ‘செய்லான்’ ஆகி, ஆங்கிலேயரிடம் ‘சிலோன்’ ஆயிற்று. 1948இல் விடுதலை பெற்ற பின்னரும் நீடித்த அப்பெயர் 1972 மே 22இல் நீங்கி, அந்நாடு ஸ்ரீலங்கா குடியரசாயிற்று. அயலார் பெயர் நீங்கியதில் எவருக்கும் வருத்தமில்லை. ஆனால் அதே அரசியலமைப்பு தமிழருக்கு உரிய இடத்தைத் தரவில்லை என்ற மனக்குறையும் உடன் வளர்ந்தது. ஈராயிரம் ஆண்டுகளாக முழுத் தீவுக்கும் வழங்கிய ஈழம் என்ற சொல் பின்னர் ஒரு போராட்டத்தின் பெயராகச் சுருங்கியது. அத்தீவின் முஸ்லிம்கள் இரு பெயர்களுக்கும் இடையே நின்று துன்புற்றனர். பழம்பெயரை மீட்டால் மட்டும் போதாது; அப்பெயரின் நிழலில் அனைவருக்கும் இடம் இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலைக் கொண்டு நோக்கினால் நமது நாட்டின் பெயர் மீண்ட வரலாறு நிறைவளிப்பதாகும். மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956ஆம் ஆண்டிலேயே, தமிழ்நாடு என்ற பெயரையும் ஒரு கோரிக்கையாக முன்வைத்து விருதுநகரில் தியாகி சங்கரலிங்கனார் உண்ணாநோன்பு மேற்கொண்டார். எழுபது நாள்களுக்கும் மேல் நோன்பிருந்து அவ்வாண்டு அக்டோபர் 13இல் உயிர் துறந்தார். வங்கத்தைச் சேர்ந்த பூபேஷ் குப்தா மாநிலங்களவையில் இதற்கென மசோதா கொண்டுவந்தார். அறிஞர் அண்ணா அதனை ஆதரித்துப் பேசினார். 1967 ஜூலை 18இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1969 சனவரி 14 முதல் மதராஸ் மாநிலம் தமிழ்நாடாயிற்று. படையோ பதவிப் பெருமையோ இப்பெயரைத் தரவில்லை. தமிழ் பேசும் எச்சமயத்தாரும் உட்படும்படி, தொல்காப்பியப் பாயிரம் வகுத்த அதே மொழி எல்லையே பெயராயிற்று. கர்நாடகம் என்ற பெயரும் 1973இல் மைசூர் மாநிலத்திற்கு வழங்கி, தன் பழைய மலைமேல் ஏறிச் சேர்ந்தது.

பெயர்களைப் பற்றிய விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் திருத்தும் அரசாணை வெளியாகி, சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. 2023 சனவரியில் தமிழ்நாடு என்பதைவிடத் தமிழகம் என்பதே பொருத்தமென்று ஆளுநர் பேசியது பெரும் வாதத்தை எழுப்பியது. இரண்டும் நமது சொற்களே. எனினும், மக்கள் கேட்டுப் பெற்ற பெயரை மற்றொருவர் திருத்த முற்படும்போது, நல்ல சொல்லும் அயலார் இட்ட பெயராகி விடுகிறது.

இவ்விடத்தில் நமது மார்க்க வரலாற்றின் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. யத்ரிப் என்ற நகரம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வருகைக்குப் பின் மதீனா ஆயிற்று. மக்காவிலிருந்து சென்ற முஹாஜிர்கள் அதற்குப் ‘புதிய மக்கா’ என்று பெயரிடவில்லை. தம் குலத்தின் பெயரையோ தலைவரின் பெயரையோ நகரின்மீது எழுதவில்லை. ‘நகரம்’ என்ற பொதுச்சொல்லே பெயராயிற்று. வந்தவரும் வரவேற்றவரும் சமமாக உரிமை கொள்ளத்தக்க பெயர் அது.

கடக்குமிடம்

தேவாரம் என்று நம் ஊரைச் சொன்னால், “அங்கே பதிகம் பாடுகிறார்களா?” என்று வெளியூர் அன்பர்கள் வினவுவதுண்டு. அரபு ஓதிக் கொடுப்பவருக்கு இப்படியோர் ஊர் வாய்த்ததே என்று நகைப்போரும் உளர். நமக்கு அதில் கூச்சமில்லை. அப்பெயரைச் சொல்லியே நம் தந்தையாரும் பாட்டனாரும் வெளியூர்களில் தம்மை அறிமுகம் செய்துகொண்டனர். நாமும் அவ்வாறே செய்கிறோம்.

எங்கள் பள்ளத்தாக்கில் மலையைக் கடந்து அப்பால் செல்லும் வழிகளை மெட்டு என்போம். போடிமெட்டு, கம்பம்மெட்டு என்பன அத்தகையவை. வைகறையில் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் பெண்கள் ஜீப்புகளில் நெருங்கியமர்ந்து இம்மெட்டுகளின் வழியே ஏறுகின்றனர். 1956இல் வகுத்த எல்லையின்படி, ஏறும்போது தமிழ்நாடாக இருக்கும் மலை, உச்சியைத் தாண்டியதும் கேரளமாகிவிடுகிறது. அப்பெண்களுக்கு அது வேலைக்குச் செல்லும் வழி மட்டுமே. கடலில் வந்த அரபியர் நமது கரையை மஅபர் என்று அழைத்ததும் இம்மனநிலையிலேயே இருக்கக்கூடும்.

அன்று வகுப்பில் சிரிப்பு அடங்கியபின், கரும்பலகையில் ‘அபர’ என்று எழுதி, அதிலிருந்து பிறக்கும் சொற்களைக் கூறுமாறு அந்த மாணவரிடம் கேட்டோம். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார்: மஅபர், கடக்குமிடம். இபாரத், ஒருவர் கருத்தை மற்றவரிடம் கடத்தும் சொற்றொடர். தஅபீர், கனவிலிருந்து அதன் பொருளுக்குக் கடத்தல். இப்ரத், நடந்ததிலிருந்து படிப்பினைக்குக் கடத்தல். இப்னு கல்தூன் தம் வரலாற்று நூலுக்கு ‘கிதாபுல் இபர்’ என்று பெயரிட்டதையும் அவரே நினைவுகூர்ந்தார்.

பின்னர், “ஹழ்ரத், அப்படியானால் மஅபர் என்பது எங்கள் ஊர்ப் பேச்சில் மெட்டுதானே?” என்றார்.

ஆம் என்றோம். இம்முறை வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை. ‘அல்மஅபரீ’ என்ற நிஸ்பாவை மாணவர்கள் தம் ஏடுகளில் எழுதி, அதற்கு எதிரே தத்தம் ஊர்ப்பெயர்களையும் எழுதிக்கொண்டனர்.